கைதட்டல் முடிவதற்குள்

1.

ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். பால் காய்ச்சுகிறேன். ஒரு டம்ளர் போதும் என்பது கைக்கு இன்னும் பழகவில்லை. மீதியைச் சாயங்காலம் குடிக்கிறேன். ஆறரைக்குக் குளியல். ஏழேகாலுக்கு இரண்டு துண்டு ரொட்டி. கூடத்தில் சாப்பாட்டு மேசை இருக்கிறது. நான் சமையல் மேடையருகே நின்றுகொண்டு சாப்பிடுகிறேன். கூடத்தில் ஃபேன் போடுவதில்லை. ஏழே முக்காலுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

எட்டு மாதமாக இப்படி.

(இதைப் படித்தால் மாஸ்டர் கேட்பார்: "இதுல பாட்டு எங்கப்பா?" வரும், மாஸ்டர்.)

2.

இந்தக் கதை நானாக எழுத உட்கார்ந்ததல்ல. கேட்டு வாங்கப்பட்டது.

எங்கள் வட்டாரத்தில் ஒரு பாடகர் குழு இருக்கிறது. முப்பத்திரண்டு பேர். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து வந்து, ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் கூடிப் பாடுவார்கள். மெட்டு நம் ராகத்தில் இருக்கும். அதைத் தாங்க, மேற்கத்திய முறையில் நான்கு குரல் வரிசைகள். நடத்துபவர் ஒரு பியானோ வாத்தியார், எல்லாருக்கும் மாஸ்டர். என் மனைவி ஆல்டோ, அதாவது பெண்குரல்களில் தாழ்ந்த வரிசை. மற்ற நேரங்களில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, தலை வலிக்கிறது என்று வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் என்றார்கள்.

அவள் நினைவாக ஒரு கச்சேரி. வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்ன மலர். அதில் இரண்டு பக்கம் நான் எழுத வேண்டும் என்றார் மாஸ்டர்.

"கட்டுரையா எழுதாதே, அழுதுடுவே. கதையா எழுது."

"எனக்குக் கதை வராது மாஸ்டர்."

"எழுத்து வேலைதானே பாக்கறே?"

வாஷிங் மெஷின்களோடு வரும் கையேடுகளை எழுதுகிறேன். எண் போட்டால்தான் எனக்கு ஓடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"முடிக்கிறப்போ அவ கடைசியா சொன்னதைப் போட்டுடு. அதான் அழைப்பிதழ்லயே போட்டாச்சே, அதையே போடு" என்றார்.

அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் இருக்கிறது: 'பாட்டை நிறுத்திடாதீங்க.'

3.

கைவிடப்பட்ட தொடக்கங்கள்:

'குயில் ஒன்று பறந்து' — வேண்டாம். அவள் குரல் குயில் இல்லை. சளி பிடித்தால் இன்னும் நன்றாக இருக்கும் வகை.

'இசைக்கு எல்லைகள் இல்லை என்பதற்கு அவள் வாழ்க்கையே ஒரு' — ஒரு என்ன?

'அவள் முதன்முதலில் என்னைப் பார்த்தபோது என் வலது கண்ணை மட்டும்தான்' — இது உண்மை. கடைசி வரியைப் படிக்கச் சொன்னாள். ஊகித்துச் சொன்னேன். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க சார், இது பரீட்சை இல்லை" என்றாள். ஆனால் இப்படித் தொடங்கினால் காதல் கதை ஆகிவிடும். இந்தக் கதை ஒரு பெட்டியைப் பற்றியது.

4.

நீக்கப்பட்டது.

(திருமணம், இரண்டு வீடு மாற்றம், ஒரு பெரிய சண்டை. அச்சில் வேண்டாம்.)

5.

பெட்டி என்பது மின்சாரச் சுருதிப் பெட்டி. செங்கல் அளவு. பாட்டு முழுக்க ஒரே சுருதியை ரீங்கரித்துக்கொண்டிருக்கும். சுருதியை ஏற்ற இறக்க ஒரு குமிழ் உண்டு. பாட்டுக்கு முன்னால் மாஸ்டர் பியானோவில் ஒரு சுரம் தட்டிவிட்டு மூடியைச் சாத்திவிடுவார். அப்புறம் பெட்டியும் முப்பத்திரண்டு தொண்டைகளும்தான்.

மாஸ்டருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமை. யாரைப் பார்த்தாலும் சொல்வார்: "பதினொரு வருஷம். என் குழு ஒரு தடவைகூட சுருதி இறங்கினதில்லை."

வாத்தியத் துணையில்லாமல் பாடினால் எந்தக் குழுவும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதிலும் இவர்கள் பாட்டில் கமகம் உண்டு. ஆடிவிட்டுத் திரும்புகிற குரல், புறப்பட்ட இடத்துக்கு ஒரு மயிரிழை கீழேதான் வந்து உட்காரும். நான்கு சரணம் போனால் மயிரிழைகள் சேர்ந்து கயிறாகிவிடும். எங்கள் குழு மட்டும் இறங்கவில்லை.

இறங்கியது. ஒவ்வொரு பாட்டிலும்.

பெட்டி ஆல்டோ வரிசையின் ஓரத்தில், என் மனைவியின் கைக்கு எட்டும் ஸ்டூலில் இருந்தது. குழு இறங்க இறங்க அவள் குமிழைத் துளித்துளியாகக் கீழே திருப்புவாள். பெட்டியும் கூடவே இறங்கும். இரண்டும் கைகோத்து இறங்கினால் எந்தக் காதுக்கும் தெரியாது. மாஸ்டர் காதுக்கும்.

எப்போது திருப்ப வேண்டும் என்று எப்படித் தெரியும் எனக் கேட்டேன். பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்திருந்த ஒரு நாள், அதை ஓடவிட்டு, என் காதோரம் வாயை வைத்து அதே சுருதியை முனகினாள். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினாள்.

"ஏதாவது தெரியுதா?"

"கூசுது."

"கூச்சத்தை விடு. உள்ள துடிக்குதா?"

துடித்தது. இரண்டு ஒலியும் விலகியதும் நடுவில் ஒரு நாடி போல.

"அவ்வளவுதான். துடிப்பு நிக்கிற வரைக்கும் திருப்பணும்." அப்புறம் சொன்னாள்: "மாஸ்டருக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. யார்கிட்டயும் சொல்லிடாதே."

6.

எச்சரிக்கை: குமிழைக் கீழே இறக்கினால் மட்டும் வேலை முடிவதில்லை.

அடுத்த பாட்டுக்கு மாஸ்டர் மறுபடி பியானோவைத் தட்டுவார். பியானோ இறங்காது. அதற்குள் குமிழ் பழைய இடத்துக்கு வந்தாக வேண்டும். அந்த இடத்தில் ஒரு சிவப்பு நகச்சாயப் புள்ளி வைத்திருந்தாள். வெடுக்கென்று திருப்பினால் பெட்டி ஊளையிடும். மெல்லத் திருப்பப் பன்னிரண்டு நொடி வேண்டும். அந்த நேரத்தில் அரங்கில் சத்தமும் வேண்டும்.

அங்கேதான் நான் வருகிறேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கைதட்டத் தெரியும். எல்லாரும் நிறுத்திய பிறகும் முன்வரிசையில் ஒருவன் தட்டிக்கொண்டிருந்தால், கூச்சப்பட்டு இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். பன்னிரண்டு எண்ணிவிட்டு நிறுத்துவேன். ஆறு வருடம் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன்.

தாழ்ந்த ஆண்குரல் வரிசையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருக்கிறார். எனக்குப் பெயர் வைத்தவர் அவர்தான்.

"வந்துட்டாருய்யா கைதட்டி! பொண்டாட்டி பாடினா இப்படியா? நான் பாடினா எங்க வீட்ல டிவி சத்தத்தைக் கூட்டுவா."

அவள் என்னைப் பார்க்கவே மாட்டாள். பார்த்தால் சிரித்துவிடுவாள்.

7.

அவள் போனபின் நடந்த முதல் ஒத்திகையில், மூன்றாவது சரணத்தில் பெட்டி ஒரு பக்கம் போனது, குழு ஒரு பக்கம் போனது. மாஸ்டர் பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்தார். ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். துக்கம், சரியாகிவிடும் என்றார். இரண்டு மாதம் கழித்துத் துக்கத்தின் மேல் பழி போடுவதை நிறுத்திவிட்டார்.

"என் காது போயிடுச்சு. அவங்க இறங்குறது எனக்கு முன்கூட்டியே தெரியணும். தெரியலை. இந்தக் கச்சேரியோட மாடிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துடறேன்" என்றார்.

அவர் காதில் பழுதில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொல்லிடாதே என்று சொல்லியிருக்கிறாள்.

(இங்கே கதையின் நாயகன் கொஞ்சம் கோழையாகத் தெரிகிறான். திருத்தலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. அப்படித்தான் இருந்தான்.)

இன்னொன்று. கச்சேரியில் கடைசியாகப் பாடப் போகும் பாட்டுக்கு நான்கு வரிசைக்கும் சுரம் எழுதிக்கொண்டிருந்தவள் அவள்தான். தாள்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. மாஸ்டர் கேட்டார். நாற்காலி மேல் ஏறி நின்று போனில் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு தாளின் ஓரத்தில் இன்னொன்று படிந்திருக்கிறது.

"ஆல்டோவுக்கு ரெண்டு வரி மறையுதுப்பா. மேல இருக்கற தாளைக் கொஞ்சம் நகர்த்தி எடேன்."

"முடியாது மாஸ்டர்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்த இரண்டு வரிக்கு ஆல்டோ இப்போது வாயை மூடி 'ம்' என்று மட்டும் சொல்கிறது.

8.

ஆல்டோ வரிசையில் ஒரு தையல்காரக்கா உண்டு. போன ஞாயிறு ஒத்திகை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார்.

"தம்பி, அந்தக் குமிழு."

"எந்தக் குமிழு?"

"நடிக்காதீங்க. உங்களுக்கு வராது."

நாற்காலியைக் கீழே வைத்தேன்.

"எங்க வரிசையில எட்டு பேருக்கும் தெரியும். அவ கை அசையறப்போ நாங்க பாட்டு ஃபைலை இப்படித் தூக்கிப் பிடிச்சுக்குவோம். 'ஆல்டோவுக்கு என்ன, கண்ணு தெரியலையா'ன்னு மாஸ்டர் திட்டுவாரு. கண்ணு டெஸ்ட் பண்றவளே பக்கத்துல நிக்கிறா, எங்களுக்கு என்ன தெரியாமப் போகுது!"

"அப்போ நீங்களே திருப்பலாமேக்கா."

அக்கா கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை விரலில் சுற்றினார்.

"ரெண்டு வாட்டி கிட்ட போனேன். அந்தச் சிவப்புப் புள்ளி அவ நகத்துக்குப் போடுறது. கை வரலை தம்பி. எட்டு பேருக்கும் வரலை. நீங்க வந்து நில்லுங்க."

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாதுக்கா."

"துடிக்கிறது தெரியுமில்ல? அவ சொல்லிக் குடுத்திருப்பாளே."

எனக்கு மட்டும் சொன்னதாக நினைத்திருந்தேன்.

9.

முடிவுகள். பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

அ. நான் பெட்டியருகே நிற்கிறேன். திருப்புகிறேன். குழு இறங்கவில்லை. மாஸ்டர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பன்னிரண்டாவது வருஷம் என்று எல்லாரிடமும் சொல்கிறார். நல்ல முடிவு. எனக்குப் பிடித்திருந்தது, மூன்று நாள்.

ஆ. யாரும் நிற்கவில்லை. பெட்டி மேலே ரீங்கரிக்கிறது, குழு கீழே பாடுகிறது. மாஸ்டர் பாதிச் சரணத்தில் கையை இறக்கிவிடுகிறார். இதை முழுதாக எழுதிப் பார்க்க —

இ. மாஸ்டர் இதைப் படிக்கிறார். மலருக்குப் பிழை திருத்துபவர் அவர்தான். அதனால் இது முடிவே இல்லை, நாளைக் காலை நடக்கப் போவது.

மாஸ்டர், உங்கள் காது போகவில்லை. இதை எழுத வேண்டுமானால் உங்கள் பதினொரு வருஷத்தை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் என்னால் உங்களுக்கு விட்டுவைக்க முடிந்தது. காதை விட்டுவைத்தேன். பதினொரு வருஷமும் இறங்கினீர்கள். ஒரு வரிசை முழுக்க அதை மறைக்க ஃபைலைத் தூக்கிப் பிடித்தது. உங்கள்மேல் பிரியமில்லாமல் கை அத்தனை நேரம் தாங்காது.

சொல்லிடாதே என்றாள். சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொண்டால் நல்லது.

10.

வாசகரே, மாஸ்டர் இதைக் கிழித்துப் போட்டிருந்தால் நீங்கள் படிக்க முடியாது. படிக்கிறீர்கள் என்றால், அவர் பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறார். நீங்கள் மரச்சாமான் கடை மாடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். ஆல்டோ வரிசையின் ஓரத்தைப் பாருங்கள். ஸ்டூலருகே நான் நிற்கலாம். வேறு யாராவது நிற்கலாம். மாஸ்டரே நிற்கலாம். காலியாகவும் இருக்கலாம். முடிவு உங்கள் கண்ணெதிரே இருக்கிறது, நான் அதைச் சொல்லப் போவதில்லை.

ஒரு வேண்டுகோள். நான் அங்கே நின்றால் முன்வரிசையில் என் வேலையைச் செய்ய ஆளில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டுங்கள். யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். பன்னிரண்டு வரை எண்ணுங்கள்.

ஒரு திருத்தமும் உண்டு. அழைப்பிதழில் இருப்பது அவள் சொன்னதில்லை. சாவு வீட்டில் தையல்காரக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. கொடுத்தேன். அது அச்சாகிவிட்டது.

நடந்தது இது. வியாழக்கிழமை, ஏழேகால். சாப்பாட்டு மேசை முழுக்க அவள் சுரத் தாள்களைப் பரப்பியிருந்தாள். ஒரு காலில் செருப்பு, இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் ரொட்டித் தட்டோடு மேசைப் பக்கம் வந்தேன். செருப்பு கிடைத்தது. வாசலிலிருந்து திரும்பிச் சொன்னாள்:

"ஃபேன் போட்டுடாதே, எல்லாம் பறந்துடும். சாயங்காலம் வந்து நானே எடுத்து வச்சுக்கறேன்."