மஞ்சள் நோட்டீஸும் நானூற்று எண்பது நாற்காலிகளும்

சிதம்பரத்தில் விற்கப்பட்ட நானூற்று எண்பது பிளாஸ்டிக் நாற்காலிகளும் மறுநாள் காலை ஏழேகால் மணிக்குக் கடலூருக்கு நடந்தே திரும்பி வந்தன. புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகச் சாலையின் இடது ஓரமாக ஒற்றை வரிசையில் வந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். முதுநகரில் ரயில்வே கேட் சாத்தியிருந்ததால் இருபது நிமிடம் தாமதம். திருப்பாதிரிப்புலியூரில் ராஜமாணிக்கத்தின் பந்தல் வாடகைக் கடைக்கு வந்ததும், பத்துப் பத்தாக ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடுக்காகி நின்றுகொண்டன. வெண்டைக்காய் கிலோ நாற்பது ரூபாய் விற்ற வாரம் அது.

ராஜமாணிக்கம் அப்போது திவால் மனு போடத் தயாராகிக்கொண்டிருந்தார். 2020 ஜனவரியில் கடன் வாங்கிப் புது நாற்காலிகளும் சாமியானாவும் எடுத்தார். மார்ச்சில் நாடே கதவைச் சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு கல்யாணங்கள் இருபது பேரோடு நடந்தன. இருபது பேருக்கு வீட்டுப் பாயே போதும். மூன்று வருடத்தில் கடன் இருபத்து மூன்று பேருக்குப் பதினான்கு லட்சமாக வளர்ந்தது. அதில் வாரத் தவணைக்குக் கொடுத்த இளவரசு தினமும் காலையில் வந்து, பைக்கை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, தெருவுக்கே கேட்கும்படி பேசிவிட்டுப் போவான். ராஜமாணிக்கத்தின் மனைவி கொளஞ்சியம்மாள் நான்கு மாதமாக வாசல்படி தாண்டவில்லை. காய்கறிகூட ஜன்னல் வழியாகத்தான். வாடகைக்கு நாற்காலி போகும்போதும் வரும்போதும் பின்னாலேயே நடந்து எண்ணுவது கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலை, அதையும் விட்டுவிட்டாள். கடனைவிட ராஜமாணிக்கத்துக்கு அதுதான் நெஞ்சை அறுத்தது. மனு கோர்ட்டில் ஏறிவிட்டால் கடன்காரன் எவனும் வாசலில் வந்து கத்த முடியாது என்று கேள்விப்பட்டு, மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தார். கையில் சொத்து இருந்தால் மனு நிற்காது என்று டீக்கடையில் யாரோ அளந்ததை நம்பி, நாற்காலிகளைச் சிதம்பரத்தில் மண்டபம் நடத்தும் அப்துல் ஹக்கிடம் விற்றார். அந்தப் பணமும் அவசரத் தவணைகளுக்கும் வக்கீல் ஃபீஸுக்கும் இரண்டே நாளில் கரைந்தது.

அப்துல் ஹக் இரண்டு தடவை லாரி வைத்து ஏற்றிப்போனார். இரண்டு தடவையும் மறுநாள் காலையில் அடுக்கு இங்கே நின்றது. மூன்றாம் தடவை லாரி இல்லாமல் தனியாக வந்தார்.

“அண்ணே, நான்தான் பூட்டுனேன். பூட்டு அப்புடியே தொங்குது. சேர மட்டும் காணல.”

“நான் என்ன பாய் பண்ணட்டும். விசேஷம் முடிஞ்சா மறுநாள் கடைக்கு வந்துடணும்னு இத்தினி வருஷமா பழக்கிட்டேன். வித்தது அதுங்களுக்கு எப்புடித் தெரியும்?”

அது நியாயமாகப் பட்டதால் அப்துல் ஹக் ஒரு டீ குடித்துவிட்டு, பணத்தை மெதுவாகக் கொடுங்கள் என்று சொல்லிப் போனார்.

வக்கீல் சத்யப்பிரியாதான் தலையில் கைவைத்தாள். “மனு போடப் போற நேரத்துல சொத்த விப்பாங்களா ஐயா? மறைச்சிட்டீங்கன்னு சொல்லிடுவாங்க.” நாற்காலிகள் திரும்பிவிட்டன என்று ராஜமாணிக்கம் சொன்னார். எப்படி என்றும் சொன்னார். பதினோரு வருடம் தொழில் பார்த்தவள் அவள். அதைவிட நம்ப முடியாத வாக்குமூலங்களை எல்லாம் டைப் அடித்திருக்கிறாள். சொத்துப் பட்டியலில் நாற்காலி நானூற்று எண்பது என்றும், கடன் பட்டியலில் இருபத்து நான்காவதாக அப்துல் ஹக் என்றும் சேர்த்தாள். வேறு யாருக்காவது கொடுக்க வேண்டியது உண்டா என்று கேட்டதற்கு, ராஜமாணிக்கத்தின் செல்போனுக்குள்ளிருந்து கொளஞ்சியம்மாள் பதில் சொன்னாள்.

“மொய் நோட்ட வுட்டுட்டீங்களே. நம்ம பொண்ணு வினோதினி கல்யாணத்துக்கு அறுநூத்திப் பன்னெண்டு பேரு வச்சிருக்காவுங்க.”

“மொய்யெல்லாம் கடன்ல வராதும்மா.”

“வாங்குனது வாங்குனதுதானே. திருப்பிச் செய்யாம நாளைக்கு அவுங்க மூஞ்சியில எப்புடி முழிக்கிறது? எழுதுங்க.”

எழுதினார்கள். அறுநூற்று முப்பத்தாறு பேருக்கு மஞ்சள் நோட்டீஸ் ரிஜிஸ்தர் தபாலில் போனது.

இங்கேதான் ஊர் ஒரு தவறு செய்தது. மஞ்சள் நிறத்தில், ராஜமாணிக்கம் பெயர் போட்டு, தேதி, நேரம், இடம் மூன்றும் குறித்து ஒரு காகிதம் வீட்டுக்கு வந்தால், எங்கள் பக்கத்தில் அதை முழுதாகப் படிக்கிறவர்கள் குறைவு. தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு, கவரில் ஐந்நூற்றியொன்று போட்டு எடுத்து வைத்துவிடுவார்கள். படித்தவர்களும் மற்றவர்கள் போகும்போது நாம் போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று கிளம்பிவிட்டார்கள்.

விசாரணை நாளன்று காலை எட்டு மணிக்கு நாற்காலிகள் அடுக்கிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தன. அறுநூறு பேருக்கு அழைப்பு போன சங்கதி அவற்றுக்கு எப்படியோ எட்டியிருந்தது. ஜன்னலில் நின்ற கொளஞ்சியம்மாள் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள். நாற்பத்திரண்டு வந்தபோது சுவர் மறைத்தது. எண்ணிக்கை தப்பிவிடக் கூடாதே என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். வழக்கம்போல் வாசலுக்குக் குறுக்கே பைக்கோடு நின்ற இளவரசு அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தான்.

“சேர் போவுது இல்ல, வண்டிய எடு தம்பி. எண்ணிக்கிட்டிருக்கேன், பேசாத,” என்றாள்.

இளவரசு வண்டியை எடுத்தான். தெருமுனையில் முந்நூற்றுப் பத்து எண்ணும்போதுதான், தான் வெளியே வந்துவிட்டது அவளுக்கே உறைத்தது. கண் கலங்கியது. ஆனால் எண்ணிக்கையை விடவில்லை.

கோர்ட்டு வளாகத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலிகள் வரிசை கட்டி நின்றன. நானூற்று எண்பது பேர் உட்கார்ந்தார்கள்; இடம் கிடைக்காத நூற்று ஐம்பத்தாறு பேர் நின்றபடி ஏற்பாட்டைக் குறை சொன்னார்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல் அப்துல் ஹக் ஒரு மேஜை தேடிப் போட்டு மொய் எழுத நோட்டைத் திறக்க, வரிசை தானாக நகர்ந்தது. கடன் கொடுத்தவர்களும் ஊர் முன்னால் வெறுங்கையோடு நிற்கக் கூசி ஆளுக்கு ஒரு தொகை வைத்தார்கள். மொத்தம் மூன்று லட்சத்துப் பதினோராயிரத்து நானூற்று ஆறு. நீதிபதி ஜன்னல் வழியாகச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, சத்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பி, வழக்கை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார். சத்யப்பிரியா அன்றே அந்த அறுநூற்று முப்பத்தாறு பேரையும் கடன் பட்டியலில் இரண்டாம் முறையாகச் சேர்த்தாள். அம்மா எப்படியும் சேர்க்கச் சொல்வார்கள் என்றாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. கடன் அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்கு ஜாஸ்திதான். ஆனால் இளவரசு ஐந்நூற்றியொன்று வைத்து நோட்டில் பெயர் ஏறியவன். மொய் வைத்த வீட்டு வாசலில் நின்று கத்த அவனுக்கு வாய் வரவில்லை. வந்தால் மாமா என்று கூப்பிட்டுக் காபி குடிக்கிறான். தன் மகளுக்குக் காதுகுத்து எப்போது வைக்கலாம் என்று ராஜமாணிக்கத்திடமே யோசனை கேட்கிறான்.

வாய்தா நாட்களில் நாற்காலிகள் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுகின்றன. ஷேர் ஆட்டோக்காரர்கள் ஓரம்கட்டிக்கொள்கிறார்கள். கொளஞ்சியம்மாள் பின்னால் எண்ணிக்கொண்டே போகிறாள். வழியில் யாராவது நலம் விசாரித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுகிறாள். திரும்பி வரும்போது, எண்ணிக்கை சரியாக இருந்தால், நின்று பேசுகிறாள்.