பலகையில் ஒரு வார்த்தைக்கு இடம்

"என்ன எழுதணும்னு சொல்லுங்க. பிரஷ் காயுது," என்றார் ஏணி மேல் நின்ற பெயின்டர்.

அன்றைக்குக் கடை திறப்பு. மேசை விசிறிப் படத்தை முந்தின நாளே ஆசை ஆசையாக அவர் பெரிதாய் வரைந்துவிட்டதில், 'ஃபேன், மிக்ஸி' என்பதற்குப் பிறகு பலகையில் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் இடம் மிச்சம்.

"ரிப்பேர்," என்றான் புருஷன்.

"சர்வீஸ்," என்றாள் அவள்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"பல்லு பிடுங்குறதும் பல்லு விளக்குறதும் ஒண்ணாண்ணே? கெட்டதைச் சரிபண்ணா ரிப்பேர். கெடாம பாத்துக்கிட்டா சர்வீஸ்."

"நல்லா ஓடுற ஃபேனை எவன் தூக்கிட்டு வருவான்?" என்று சிரித்தான் அவன்.

அவளுக்குச் சுருக்கென்றது. நின்றுபோன மோட்டாரை எழுப்புவதில் அவன் கில்லாடி. பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டு, மோட்டாரை நிற்கவே விடாமல் ஓட்டுவது அவள் கை. பலகையில் அது இல்லையென்றால், இந்தக் கடையில் அவள் சும்மா துணைக்கு உட்கார்ந்திருப்பவள்தானே?

முதலில் படியேறும் ஆள் கெட்டதைக் கொண்டுவந்தால் ரிப்பேர், ஓடுவதைக் கொண்டுவந்தால் சர்வீஸ் என்று நேற்றே பந்தயம் கட்டியாகிவிட்டது. அவள் கமுக்கமாக மாமியாரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

தெருவின் இந்தப் பக்கமிருந்து மாமியார் வந்தார், கையில் விசிறி. அந்தப் பக்கமிருந்து அவள் அம்மா. அவர் கையிலும் விசிறி!

"நீங்க முன்னால போங்க சம்மந்தி."

"ஐயோ, நீங்க பெரியவங்க, நீங்க போங்க."

இருவரும் படியேறுவதாக இல்லை.

"மாப்பிள்ளை, கெட்ட ஃபேன் வேணும்னீங்க. எங்க வீட்டுல எல்லாம் நல்லா ஓடுது. கெடுக்க மனசு வரலை, அப்படியே கொண்டாந்துட்டேன்," என்றார் அவள் அம்மா.

"நீங்களுமா!" என்று அவள் புருஷனை முறைக்க, மாமியார் முந்தானையால் விசிறியை மூடினார். "நல்லதைத்தான் எடுத்தேன் மருமகளே. வர வழியில கீழ போட்டுட்டேன்."

பெயின்டர் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது.

அவன் தன் அம்மாவின் விசிறியை வாங்கி, வளைந்த இறக்கையை நிமிர்த்திச் சுவிட்சைப் போட்டான். சுற்றியது, ஆனால் முனகியது. அவள் அதை வாங்கிப் பிரித்தாள். உள்ளே பஞ்சுப் பொதியாய்த் தூசி. துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள். இம்முறை சத்தமே இல்லை. காற்று மட்டும் மாமியாரின் நரைமுடியைக் கலைத்தது.

அவன் அந்தக் காற்றில் முகத்தைக் காட்டிவிட்டு, ஏணியை நிமிர்ந்து பார்த்தான்.

"சர்வீஸ்னே எழுதுங்கண்ணே."

"தோத்துட்டீங்களா?" என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

"இல்லடி. கெட்டுப்போனா போர்டைப் படிக்காமலே ஓடி வந்துடுவாங்க. நல்லா ஓடுறப்பவே வாங்கன்னுதான் எழுதிச் சொல்லணும்."

பெயின்டர் பிரஷை நனைத்தார். "அப்படியே என் ஏணியையும் பாருங்க. ரொம்ப ஆடுது."

"ரிப்பேரா, சர்வீஸா?" என்று நான்கு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"விழுறதுக்குள்ள ஏதாவது பண்ணுங்கம்மா!"