பெல்ட்டை அவிழ்த்த கை

1

இக்கதையின் பிறப்பிடம் ஒரு சீட் பெல்ட் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பைக்கால் ஏரி உறைந்து, தீவுக்கும் கரைக்கும் இடையே வண்டிகள் ஓடத் தொடங்கிய வாரம். துல்மாவின் வேனில் முன்னிருக்கையில் ஏறியவன், ஏதோ யோசனையில் பெல்ட்டை மாட்டிவிட்டேன். அவள் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே வலது கையை நீட்டி, அதைச் சொடுக்கி அவிழ்த்தாள். வாய் அதுபாட்டுக்குக் கணவன் ஜொரிக்தோவைத் திட்டிக்கொண்டிருந்தது. கை என்ன செய்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

பனியின் மீது யாரும் பெல்ட் போடுவதில்லை. கதவையும் முழுதாகச் சாத்துவதில்லை. பனி உடைந்தால் குதிக்க வேண்டுமே. வழக்கமாக ஓட்டுபவன் ஜொரிக்தோ. துல்மாவின் வேலை, பயணிகளுக்குத் தேநீர் ஊற்றுவதும் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் பெல்ட்டுகளை அவிழ்த்துவிடுவதும். அன்று அவனுக்குப் பல்வலி. அதனால் ஸ்டியரிங் அவளுக்குக் கிடைத்தது.

இதுவரை நடந்தது. இனிமேல் வருவது என் கைவேலை.

2

முதல் தொடக்கம்: 'எல்லையற்ற வெண்மையின் நடுவே, காலத்தின் மௌனம்—'

(கைவிடப்பட்டது. இங்கே வசிப்பவர் எவரும் ஏரியை அப்படிப் பார்ப்பதில்லை. இன்று பனி வண்டி தாங்கும் கறுப்பா, நொய்ந்துபோன பால் வெள்ளையா என்றுதான் பார்ப்பார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: 'வேகம் என்பது நவீன மனிதனின்—'

(இதைக் கட்டுரைக்கு வைத்துக்கொள்கிறேன்.)

மூன்றாவது, சண்டையிலிருந்து. ஸ்டியரிங்கைத் திருப்பித் தர மனமில்லாத துல்மா, அவன் ஓட்டுவது ஆமை வேகம் என்றாள். அவனுக்குச் சுருக்கென்றது.

"அவ்வளவு வேகக்காரின்னா, மார்ச்சுல ஏரி மேல போட்டி வைக்கிறாங்களே, போய்க் காட்டு. வேன் பிரிவுல இருக்கிற சாதனைய உடை. அடுத்த குளிர்காலம் முழுக்க ஸ்டியரிங் உனக்கு. நான் பின்னால உக்காந்து டீ ஊத்துறேன்."

"சக்கரை எவ்வளவுன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டு ஊத்தணும்."

"கேட்டே ஊத்துறேன், போ."

ஜொரிக்தோவை வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. போட்டிக்கு முந்தைய வாரம் முழுதும் எஞ்சினைப் பிரித்து மாட்டியவன் அவன்தான். மனைவி தோற்க வேண்டுமென்று நினைப்பவன் கார்புரேட்டரை அப்படித் துடைப்பானா? துடைப்பான் போலிருக்கிறது.*

* மனித மனம் குறித்த என் அறிவு பெரும்பாலும் நூலகத்தில் சேகரித்தது.

3

சாதனை என்றால் இரண்டு ஓட்டம். போக ஒன்று, ஒரு மணி நேரத்துக்குள் அதே பாதையில் எதிர்த்திசையில் ஒன்று. காற்றின் தயவு கணக்கில் சேராதிருக்க, இரண்டின் சராசரியை எடுப்பார்கள். இரண்டிலும் முடிவுக்கோட்டைத் தாண்டும்வரை பெல்ட் பூட்டியிருக்க வேண்டும்.

துல்மா ஊர் வழக்கப்படி மோதிர விரலைப் பாலில் தோய்த்து ஏரிக்குக் காணிக்கையாகத் தெளித்தாள். நடுவர் ஃபயினா மத்வேயெவ்னா பெல்ட்டைத் தாமே பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

வெட்டாத முழு ரொட்டி போன்ற அந்தப் பழைய வேன் முனகிற்று, உறுமிற்று, பிறகு பாடவே தொடங்கிவிட்டது. ஆணிச் சக்கரங்கள் பனியைத் தூளாக்கி வாரி இறைத்தன. பாதி வழியில் அடியிலிருந்து ஏரி ஒருமுறை குமுறியது. வேகமுள் இதுவரை தொட்டறியாத எண்களைத் தாண்டிப்போய் நடுங்கியது. கோடு பின்னால் போனது.

(இந்தப் பத்தியை நான் மிகவும் ரசித்து எழுதினேன். அதுதான் வினையாயிற்று.)

4

வண்டி நின்றதும் ஃபயினா மத்வேயெவ்னா கதவைத் திறந்தார். பெல்ட் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்ப அவிழ்த்தீங்க? கோட்டத் தாண்டின பிறகா, முன்னாடியா?"

"தெரியலீங்க."

"உங்க கைதானே?"

"என் கைதான். அது எங்கிட்டச் சொல்லிட்டுச் செய்யறதில்லைங்க."

கேமராக்கள் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான்? மூன்றாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். சக்கரம் இருக்கிறது, முள் இருக்கிறது, கை இல்லை. எல்லாம் அறிந்த கதைசொல்லி என்னும் கருத்தாக்கத்தைப் பற்றி ஆய்வேடு எழுதியவன், தன் கதாபாத்திரத்தின் கையைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

துல்மாவைப் பொய் சொல்லவைத்து ஒரு பக்கம் எழுதினேன். 'தாண்டின பிறகுதாங்க' என்று அவள் வாயில் வைத்தால், நாக்கு நகர—

(நகரவில்லை.)

இதற்குள் ஜொரிக்தோ இரவல் பனிவண்டியில் வந்து சேர்ந்தான். முதல் ஓட்டம் செல்லாதென்றால் ஸ்டியரிங் அவனோடேயே இருக்கும். சும்மா நின்றாலே போதும்.

"அவ சொல்றது நிசம். சாப்பாட்டு மேசையில உக்காந்தாக்கூட பக்கத்துல இருக்கிறவன் இடுப்பத் தடவுவா, பெல்ட் இருக்கான்னு. என் மாமா ஒருத்தர் இப்பல்லாம் எங்க வீட்டுக்கே வர்றதில்ல."

நடுவர் சிரிக்கவில்லை, கையுறையைச் சரிசெய்துகொண்டார். திரும்பும் ஓட்டத்தில் கோட்டைத் தாண்டும்வரை பெல்ட் பூட்டியே இருந்தால், முதல் ஓட்டத்தையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். உதவியாளர் ஒருவரைப் பின்னிருக்கையில் ஏற்றினார். பெல்ட் அவிழ்ந்தால் இரண்டும் போயிற்று.

"கையக் கட்டிப் போடட்டா?" என்றான் ஜொரிக்தோ.

"கியர யாரு மாத்துவா, உங்கப்பனா?"

அவன் கதவருகே சற்று நின்றான். பிறகு அதை அழுத்திச் சாத்தினான், முழுதாக. பனியின் மீது ஒருவர் உள்ளேயிருக்கக் கதவைச் சாத்துவது அவன் வாழ்க்கையில் முதல் தடவை. சாத்திய கதவை உள்ளங்கையால் தட்டிவிட்டு விலகினான்.

5

இம்முறை கையை மட்டுமே பார்ப்பதென்று முடிவுசெய்தேன்.

கை கியரில் இருக்கிறது. தள்ளுகிறது, இழுக்கிறது, கடைசிக் கியரில் போட்டுவிட்டு அதன் குமிழ்மேலேயே படுத்திருக்கிறது. பாதி வழி. ஏரி குமுறுகிறது, முன்னதைவிடப் பலமாக. கை எழுகிறது. வாய் திட்டவில்லை, துல்மா கையைக் குனிந்தே பார்த்துவிட்டாள். பெருவிரல் பெல்ட்டை அவிழ்க்கும் சிவப்புப் பொத்தான்மீது வந்து உட்காருகிறது.

(இங்கே நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அழுத்தியிருப்பேன்.)

பெருவிரல் வெளுக்கிறது. அழுத்தவில்லை. எடுக்கவுமில்லை. அப்படியே அந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அவள் ஒற்றைக் கையால் ஓட்டுகிறாள். கோடு போகிறது. போன பிறகு, நிதானமாக, தெரிந்தே, சொடுக்கு.

பெல்ட் தப்பியது. சத்தியம் செய்வேன்.

ஆனால் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் முள்ளை எப்படிப் பார்ப்பேன்? அது எதிர்க்காற்று, ஒற்றைக் கை வேறு. சராசரி சாதனையை எட்டியதா என்று எனக்குத் தெரியாது. பின்னிருக்கை உதவியாளரும் பெல்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேனில் மிச்சமிருந்தது, இதைப் படித்துக்கொண்டிருந்த நீங்கள் ஒருவர்தான்.

ஃபயினா மத்வேயெவ்னா கையில் ஒரு சீட்டோடு வந்துகொண்டிருக்கிறார். எழுத்தெல்லாம் எனக்கு எட்டாத தூரம். பின்னால் ஜொரிக்தோ ஓடிவருகிறான், எதற்காக வேண்டிக்கொள்வதென்று அவனுக்கே தெரியாத முகத்தோடு. துல்மா கண்ணாடியைத் தள்ளித் திறக்கிறாள்.

சொல்லுங்கள். முள் எங்கே நின்றிருந்தது?