பதினெட்டு அடிச் சாய்தளம்

திறப்பு விழா பத்து மணிக்கு. கான்ட்ராக்டர் ஏழு மணிக்கே பள்ளிக்கூட வாசலில் குந்தி உட்கார்ந்து, டேப்பை இழுத்துப் பிடித்துச் சாய்தளத்தை அளந்துகொண்டிருந்தார். கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்பு வரை பதினெட்டு அடி. நேற்று மாலையும் பதினெட்டுதான், முந்தாநாளும் பதினெட்டுதான். டேப்பை விட்டதும் அது சர்ரென்று சுருண்டு பெட்டிக்குள் போய்விட்டது. அளந்துகிட்டே இருந்தா வளர அது என்ன புள்ளையா என்று காலையில் மனைவி கேட்டிருந்தாள். இருபது வருஷம் கூடக் குடித்தனம் நடத்துகிறவள். மனிதர் எதையோ மென்று முழுங்குகிறார் என்பது அவளுக்கு மூன்று வாரமாகவே தெரியும். எதை என்பதுதான் தெரியாது.

கணக்கு சின்னக் கணக்கு. மழை பெய்தால் மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதால் கட்டடத்தைத் தரையிலிருந்து மூன்று அடி தூக்கிக் கட்டியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் தன் கையாலேயே உருட்டி ஏற வேண்டுமானால், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட வேண்டும். மூன்று அடிக்கு முப்பத்தாறு அடி. வரைபடத்திலும் முப்பத்தாறுதான் இருந்தது. அவரே தன் கையால் போட்ட கோடு.

அது எப்படிப் பாதியானது என்றால், எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். கட்டடத்துக்குப் பணம் திரட்டிய முன்னாள் மாணவர் சங்கத்துக்குத் தலைவர் பல் டாக்டர். இவருக்கு வகுப்புத் தோழன். ஒரு நாள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வேலையைப் பார்க்க வந்தார். முகப்பு எடுப்பாக இருக்க வேண்டாமா, கல்வெட்டு வைக்க ஒரு மண்டபம் வேண்டாமா, எல்லாரும் வரிசையாக நின்று போட்டோ எடுக்க இடம் வேண்டாமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இந்தச் சாய்தளம் வாசலையே அடைத்துக்கொண்டு ரயில் மாதிரி நீண்டு கிடக்கிறதே, கொஞ்சம் சுருக்கினால் என்ன, யாராவது லேசாக ஒரு கை கொடுத்தால் ஏறிவிடலாமே என்றார் டாக்டர். கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தொழில் தெரிந்தவர் இவர் ஒருவர்தான், சொன்னால் கேட்டிருப்பார்கள். ஆனால் இவர் வாயிலிருந்து வந்தது, "பார்த்துக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையை வைத்தே வாழ்க்கையை ஓட்டிவிட்ட மனிதர் அவர். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதும் பார்த்துக்கலாம், வீட்டுக் கூரை ஒழுகியபோதும் பார்த்துக்கலாம். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர் வீட்டில் மூன்று மழைக்காலம் சமையலறையில் வாளி வைத்திருந்தாள் மனைவி. கோபம் வராதவர், எதிர்த்துப் பேசாதவர், தங்கமான மனுஷன் என்று பேர். அந்தப் பேருக்கு அவர் கொடுத்த விலை என்னவென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இல்லை, விலை கொடுத்ததுகூட அவர் இல்லை.

கொடுத்தவன் மகாராஜா.

ஒன்பதாம் வகுப்பு அப்போது பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. மகாராஜாவுக்குச் சின்ன வயதிலேயே இரண்டு காலும் விளங்காமல் போயிருந்தது. தினமும் காலையில் ஒரு மர நாற்காலியில் உட்கார்த்தி நாலு பையன்கள் மாடிக்குத் தூக்கிப் போவார்கள், மாலையில் இறக்குவார்கள். அந்தப் பேரை அவனே தனக்கு வைத்துக்கொண்டான். நாலு பேர் தூக்க நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, "கிளம்பட்டும் பல்லக்கு" என்று கை நீட்டுவான். ஒல்லியாய் உயரமாய் இருந்த இவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பேர் வைத்ததும் அவன்தான். இன்று தொப்பை விழுந்த பிறகும் பழைய கூட்டாளிகளுக்கு இவர் ஒட்டடைதான். அன்றைக்கு வகுப்புத் தலைவனாக இருந்த பல் டாக்டர் முறை போட்டு, வகுப்புக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தான். எந்தக் கிழமை ஏற்றும் பொறுப்பு யாருக்கு, இறக்கும் பொறுப்பு யாருக்கு. பொறுப்புக்காரன் மற்ற மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை மாலை, இறக்கும் முறை ஒட்டடையுடையது. மைதானத்தில் பக்கத்துப் பள்ளியோடு பந்தாட்டம். மணி அடித்ததும் வகுப்பே திமுதிமுவென்று படியிறங்கி ஓடியது. மகாராஜா குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். ஐந்தே நிமிஷம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒட்டடையும் ஓடினான். பாதி ஆட்டத்தில் ஞாபகம் வந்தது. இன்று வரை அவர் யாரிடமும் சொல்லாதது அதுதான். மறக்கவில்லை. மாடி ஜன்னலை நிமிர்ந்துகூடப் பார்த்தார். வாட்ச்மேன் இருப்பார், வாத்தியார் யாராவது இருப்பார்கள், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். அந்த நேரம் பார்த்து நம்ம பள்ளி கோல் போட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் படிக்கட்டின் கடைசிப் படியில் மகாராஜாவை வாட்ச்மேன் பார்த்தார். உட்கார்ந்தபடியே, கையை ஊன்றி ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்திருக்கிறான். கால்சட்டை பின்பக்கம் கிழிந்து, உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்ததாம். மறுநாள் அதிகாலையில் வாட்ச்மேன் வாயால் அதைக் கேட்டுவிட்டு ஒட்டடை மாடிக்கு ஓடினான். வகுப்பில் யாரும் வந்திருக்கவில்லை. கதவைச் சாத்தி, வியாழக்கிழமைக்கு நேரே இருந்த தன் பேரை உள்ளங்கையால் துடைத்தான். விசாரணையில் வாத்தியார் கதவைப் பார்த்தார், அந்த இடம் காலியாக இருந்தது. நான்தான் எழுத மறந்துட்டேன் போலிருக்கு சார் என்று அழுத வகுப்புத் தலைவனின் தலைவர் பதவி போயிற்று. மகாராஜா அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வரவேயில்லை. வேறு ஊரில் மாமாவின் லாரி புக்கிங் ஆபீஸுக்குப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது.

முப்பத்தொரு வருஷம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் ஒரு வேளையாவது அகப்பட்டுக்கொள்வோம். இது அகப்படவேயில்லை. போன வருஷம் பழைய கட்டடத்தை இடித்தபோது கான்ட்ராக்டர் படிக்கட்டை மட்டும் கடைசியாக வைத்துக்கொண்டார். இடிக்கும் முன் எண்ணினார். பத்தொன்பது படி.

அழைப்பிதழை எடுத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் அவரே நேரில் போனார். லாரி ஆபீஸ் இப்போது மகாராஜாவுடையது. மேஜை மேல் இரண்டு போன், சுவர் முழுக்கச் சரக்குச் சீட்டுகள். வாசலில் நின்ற டிரைவர்களை அதட்டிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்று, "வாடா ஒட்டடை, கட்டடம் கட்டிக் கட்டி நீயே ஒரு கட்டடம் ஆயிட்டியே" என்றது. டீ வந்தது. பெண்ணைக் கல்லூரியில் சேர்த்த கதை, கையாலேயே ஓட்டுகிற மாதிரி வண்டியை மாற்றிய கதை எல்லாம் சொன்னான். பழைய கதையை இரண்டு பேரும் எடுக்கவில்லை. அழைப்பிதழை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகாராஜா ஒன்றுதான் கேட்டான்.

"தூக்கிட்டுப் போறதா இருந்தா நான் வரமாட்டேன்டா. இத்தன வருஷத்துல யாரும் என்னத் தூக்குனதில்ல. நானா ஏற முடியுமா?"

"நீயா ஏறலாம். நான்தானே கட்டுறேன்," என்றார் இவர்.

அடுத்த மாதம்தான் டாக்டர் ஆட்களோடு வந்து நின்றது. சாய்தளம் சுருங்கிய பிறகு மூன்று முறை போனைக் கையில் எடுத்தார். மூன்று முறையும் கீழே வைத்தார். வந்தால் பார்த்துக்கலாம்.

பத்து மணிக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. பேர் மறந்தவர்கள் பட்டப்பேரைச் சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை பட்டு நாடாவைக் கட்டச் சொல்லி ஓடிக்கொண்டிருந்தார். மண்டபத்துக் கல்வெட்டின் முன் போட்டோ எடுக்கக் கூட்டம் முண்டியடித்தது. நல்லாக் கட்டியிருக்கேடா என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கான்ட்ராக்டர் பார்வை வாசல் பக்கம் போய் வந்தது. வராமலே இருந்துவிட்டால் நல்லது என்று ஒரு மனசு, வர வேண்டும் என்று ஒரு மனசு.

வெள்ளை வேன் வந்து நின்றது. மகாராஜா கதவைத் திறந்து, மடித்த நாற்காலியைத் தானே இறக்கி, விரித்து, இரண்டு கையால் உடம்பைத் தூக்கி அதில் உட்கார்ந்தான். இஸ்திரி கலையாத நீலச் சட்டை. கூட்டம் ஓவென்று கத்தியது. டாக்டர் மைக்கிலேயே அறிவித்துவிட்டார், புதுக் கட்டடத்துக்குள் முதலில் நுழையப் போவது நம்ம மகாராஜா என்று. எல்லாரும் வழிவிட்டு நின்றார்கள், போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள். சாய்தளத்தில் அப்பியிருந்த சிமெண்ட் தூசியைக் கழுவக்கூட நேரம் இருந்திருக்கவில்லை.

மகாராஜா சாய்தளத்தின் அடியில் நின்று மேலே பார்த்தான். பத்து டன் சரக்கு எந்தப் பலகையில் ஏறும், எதில் ஏறாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிற கண் அது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உருட்டினான். நாலு அடி போனது. ஐந்து. கழுத்து நரம்பு புடைத்தது. ஆறாவது அடியில் சக்கரம் நின்று, முன் சக்கரம் லேசாகத் தூக்கியது. பின்பக்கமாகச் சாயப் போனவன் பிரேக்கை அழுத்தி, மூச்சு வாங்கி, அங்குலம் அங்குலமாகக் கீழே வந்து சேர்ந்தான்.

"தூக்குங்கடா" என்று யாரோ கத்த, டாக்டரும் இன்னும் மூன்று பேரும் சிரித்தபடி ஓடி வந்து நாற்காலியின் நாலு மூலையையும் பிடித்தார்கள். "கிளம்பட்டும் பல்லக்கு" என்றார் டாக்டர். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது அவருக்கு.

மகாராஜா இரண்டு சக்கரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டான். "ஏத்துறதுக்கு ஆள் இருக்கு," என்றான். "இறக்குறது யாரு முறை?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தபடிதான் கேட்டான். சிரிக்காமல் நின்றது கான்ட்ராக்டர் ஒருவர்தான். பார்த்துக்கலாம் என்று மட்டுமே சொல்லத் தெரிந்த நாக்கு அன்றைக்கு எப்படிப் புரண்டதோ.

"என் முறை," என்றார். "அன்னைக்கும் என் முறைதான்."

சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. மகாராஜா தலையை ஆட்டினான். "தெரியும்டா. கதவுக்கு எதிர்லதானே ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். உன் பேரத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்." அவன் குரலில் கோபம் இல்லை. "சின்னப் பையன், ஆட்டத்துல மறந்துட்டான்னு நெனச்சேன். மறந்தவன்கிட்ட என்ன கோவம்?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மன்னிப்பு தானாக வந்து கையில் விழுந்த பிறகு வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அவரால் முடியவில்லை.

"மறக்கலடா. மறுநாள் காலைல வந்து கதவுல என் பேர நானே துடைச்சிட்டேன்."

டாக்டரின் கை நாற்காலியிலிருந்து தானாக விலகியது. அவர் கான்ட்ராக்டரைப் பார்த்த பார்வையில், அழுதுகொண்டு நின்ற அந்தப் பதினாலு வயதுப் பையன் இருந்தான். மகாராஜா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தான்.

"அது எனக்குத் தெரியாது," என்றான்.

பிறகு, நேரமாகிறது, எல்லாரும் உள்ளே போங்கள், தலைமையாசிரியை காத்திருக்கிறார் என்று லாரிக்காரர்களை விரட்டுகிற அதே குரலில் சொன்னான். ஜன்னலைத் திறந்து வைத்தால் பேசுவது இங்கேயே கேட்கும் என்றான். கூட்டம் தயங்கித் தயங்கிப் படியேறியது. கான்ட்ராக்டர் நகரவில்லை.

"நீயும் போ," என்றான் மகாராஜா. "நீ கட்டினதுதானே."

அவர் படியில் ஏறவில்லை. சாய்தளத்திலேயே ஓரமாக ஏறி நடந்தார். நல்ல காலுள்ள மனிதருக்கே கெண்டைக்கால் இழுத்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது உள்ளே கைதட்டல் கேட்டது, நாடாவை வெட்டிவிட்டார்கள் போல. பின்னால் வேன் கதவு சாத்துகிற சத்தமும், பிறகு வண்டி கிளம்புகிற சத்தமும் கேட்டன. அவர் திரும்பிப் பார்த்தபோது முற்றத்தில் யாரும் இல்லை. தூசியில் இரண்டு சக்கரத் தடம் கீழிருந்து ஆறு அடி வரை வந்து நின்றிருந்தது.

சட்டைப் பைக்குள் டேப் கனத்தது. குழாயடியில் வாளியோடு நின்ற ஆயா, விருந்தாளிகள் வெளியே வருவதற்குள் இந்தத் தூசியைக் கழுவிவிடட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம்மா," என்றார். "அது இருக்கட்டும்."