கைகாட்டிக்குக் கட்டுப்பட்ட துரத்தல்

இருபத்தொரு வருடங்களாக எங்கள் ரயில் நிலையத்தைத் தினமும் மாலை மூன்று பத்துக்கு ஒரு சினிமா கடந்துபோகிறது. முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வரும். முதலில் ஒரு இன்ஜின், அதில் எதிரியின் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தப்பி ஓடும் நாசகாரர். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு இன்ஜின், அதில் அவரைத் துரத்தும் அதிகாரி. நாசகாரராக நடிப்பவர் கடைத்தெருவில் ஊராருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவர். மீசை போர்க்காலத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அதிகாரியோ நிஜமான இன்ஜின் ஓட்டுநர், இன்ஜினோடு சேர்த்து இரவல் வாங்கப்பட்டவர். படப்பிடிப்பின் முதல் வாரத்திலேயே இயக்குநர் கரிப்புகையை விழுங்கித் தொண்டை கட்டிக்கொண்டு, ‘கட்’ சொல்ல முடியாமல் போனார். அவர் சொல்லாமல் வேறு யாரும் சொல்லக்கூடாது என்பது அந்தத் தொழிலின் வழக்கம். குரல் திரும்பியபோது அவர் ஒரு குடும்பப் படத்தில் மும்முரமாக இருந்தார். ஆகவே இரண்டு வண்டிகளும் மலையைச் சுற்றிய வட்டப்பாதையில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எந்தப் போர் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது.

இவ்வளவு வருடம் ஓடியும் ஏன் பிடிபடவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஓட்டுநரின் ஒழுங்குதான் காரணம். நாசகாரர் கழற்றிப்போட்ட தண்டவாளத்தை அவர் தாண்டிக் குதித்துப் போகமாட்டார்; இறங்கி, மறுபடி பூட்டி, ஒவ்வொரு மரையையும் முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போவார். சிக்னல் கைகாட்டி இறங்காமல் ஒரு அடி நகரமாட்டார். முன்னால் போன வண்டி அடுத்த நிலையத்தைத் தாண்டியதாகத் தகவல் வந்தால்தான் பின்னால் வரும் வண்டிக்குக் கைகாட்டி இறங்கும். அதை இறக்கும் லீவர் எங்கள் ஊர் கேபினில் இருக்கிறது. அதைப் பிடித்திருப்பவர் ஓட்டுநரின் மனைவி. ஊரில் அவரைக் கேபினம்மா என்பார்கள். தினமும் பதினோரு நிமிடம் புருஷனின் இன்ஜின் அவர் ஜன்னலுக்குக் கீழே பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கும்.

"ஏங்க, சண்டைக்குப் போறவங்க யாராவது கைகாட்டியப் பாத்துக்கிட்டு நிப்பாங்களா? தாண்டிப் போய்ப் புடிங்க. புடிச்சுட்டு வீட்டுக்கு வாங்க."

"எதிரி இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு மாட்டுவான். கைகாட்டியத் தாண்டினேன்னு பேரு வந்தா அழியுமா?"

கேபினம்மா தலைகீழாக நின்று பார்த்தும் மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை. இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. படத்துக்குள் இருப்பவர்களுக்கு வயது ஏறுவதில்லை. கிளம்பியபோது ஓட்டுநருக்கு முப்பத்தொன்று, கேபினம்மாவுக்கு இருபத்தாறு. இப்போதும் ஓட்டுநருக்கு முப்பத்தொன்று, கேபினம்மாவுக்கு நாற்பத்தேழு. போன வருடம் ஒரு பயணி, கீழே நின்றவரைக் காட்டி, "உங்க தம்பியாம்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். கேபினம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அடுத்து வருகிறவர் மகனா என்று கேட்பார். அதற்குள் புருஷனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினார்.

வழி அவர் கையிலேயே இருந்தது. ஒரு நாள் நாசகாரரின் இன்ஜின் நிலையத்தைத் தாண்டியதுமே தண்ணீர் தீர்ந்து நின்றுபோனது. பின்னால் ஓட்டுநர் வந்து வழக்கம்போலக் காத்திருந்தார். இப்போது கைகாட்டியை இறக்கினால் ஓட்டுநர் நம்பிக் கிளம்புவார், கூப்பிடு தூரத்தில் ஆள் அகப்படுவார். விதியை மீறி லீவரில் கை வைத்தார் கேபினம்மா. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேட்க வந்த நாசகாரர், வாளியும் கையுமாகக் கேபின் படியேறி நின்றார்.

"இறக்குங்கக்கா, நான் வேண்டாம்னு சொல்லல. எனக்கும் ஓடி ஓடி அலுத்துப்போச்சு. ஆனா சமையல்காரரை நெனச்சுப் பாத்தீங்களா?"

கேபினம்மா நினைத்துப் பார்த்தார். சமையல்காரர் படப்பிடிப்புக்குச் சமைக்க வந்து, ஆள் பற்றாமல் படத்தில் காவலாளியாக நடித்தவர். முதல் மாதமே கதைப்படி சுடப்பட்டுச் செத்தார். வேஷம் முடிந்தது என்று தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, வீட்டுக்குப் போக இறங்கினார். நடைமேடையில் நாலு அடி வைப்பதற்குள் படம் முடிந்த திரைபோல வெறும் வெள்ளையாகி, இல்லாமல் போய்விட்டார். செருப்புகூட மிஞ்சவில்லை.

"நான் மாட்டினா கதை முடிஞ்சுபோச்சுக்கா. அப்புறம் எனக்கும் அதுதான், அவருக்கும் அதுதான்."

கேபினம்மா லீவரிலிருந்து கையை எடுத்தார். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். ஓட்டுநர் கைகாட்டியையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் வாய் ஓயாமல் திட்டிய அந்தக் கைகாட்டிதான் தன் புருஷனை உயிரோடு வைத்திருக்கிறது என்று கேபினம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாசகாரரின் வாளியைத் தானே நிரப்பிக் கொடுத்தார்.

"மெதுவாப் போ தம்பி. ஒண்ணும் அவசரமில்ல. வழியில படுத்துத் தூங்கிட்டுக்கூடப் போ."

நாசகாரர் சொன்ன பேச்சைக் கேட்கிறவர். அன்றிலிருந்து அடுத்த நிலையத்தைத் தாண்ட அவருக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. புதிய கால அட்டவணையிலும் அப்படியே அச்சடித்துவிட்டார்கள். அந்த நாற்பது நிமிடமும் கைகாட்டி இறங்காது. ஓட்டுநர் கேபினுக்கு ஏறி வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு மனைவிக்குப் பக்கத்தில் உட்காருகிறார். அவர் கைக்குப் போனதும் டீ சாம்பல் நிறமாகிவிடுகிறது. ருசி மாறவில்லை என்கிறார். பார்க்கிறவர்கள் அம்மாவும் மகனும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேபினம்மா யாரையும் திருத்தப் போவதில்லை.

"இன்னைக்கு எப்படியும் புடிச்சுருவேன்," என்பார் ஓட்டுநர், எழப் பார்த்தபடி.

"நாளைக்குப் புடிச்சுக்கலாம்," என்பார் கேபினம்மா. "உக்காருங்க."