திங்கட்கிழமை எடுத்த படம்

எங்கள் மலையூரின் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப் பதினாறு பேர். அதில் பெண்கள் பதினொரு பேர். நாங்கள் பார்ப்போம், கேட்போம், வாய் மட்டும் திறக்க மாட்டோம். மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் குரல் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். குழுவிலும் மாமனார்கள் இருந்தார்களே.

குழுவைத் தொடங்கியவர் வார்டு உறுப்பினர் வெற்றிசெல்வன். "இன்னா கொறன்னாலும் ஒரு போட்டோ போடுங்க. ஒன்றிய ஆபீஸ்காரங்களும் இதுல கீறாங்க" என்றார். சும்மா சொல்லக் கூடாது, அணைந்து கிடந்த தெருவிளக்கு இரண்டே நாளில் எரிந்தது.

திங்கட்கிழமை ஆடு ஓட்டிக்கொண்டு வரும்போது ஓடைப் பாலத்தின் நடுத்தூணைப் பார்த்தேன். அடியில் மண் அரித்துப்போய்த் தூண் அந்தரத்தில் நின்றது. படம் எடுத்தேன். அனுப்பத்தான் கை வரவில்லை. மாமனார் மாதன் என்ன நினைப்பாரோ என்று பயம். ஆண்கள் யாராவது பார்த்துப் போடுவார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாமை மூட்டையோடு போன பக்கத்து வீட்டுச் சாலம்மாள் அக்கா பாலத்தோடு விழுந்தாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. என் பிரசவத்தின்போது பத்து நாள் எனக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவள்.

அடக்கம் முடிந்த மறுநாள் குழு முழுக்கக் கும்பிடும் கைகள், அழும் முகங்கள். மாமனாரின் குரலும் வந்தது: "இத்தினி பேரு போய்க்கினு வந்துக்கினு கீறோம். ஒருத்தரு கண்ணுலயுமா படல?"

எனக்கு என் மீதே ஆத்திரம் வந்தது. படத்தைப் போட்டேன். எடுத்த தேதி அதன் மூலையிலேயே இருந்தது. கூடவே குரலும் பதிந்து அனுப்பினேன்.

"நான் நர்மதா. நான் பாத்தேன். மாமா கீறாருன்னு போடல. அக்கா போனதுக்கு நானும் ஒரு காரணம்."

அடுத்த அறையில் அவர் போனில் என் குரல் ஒலித்தது. மறுபடியும் ஒலித்தது. பிறகு என் திரையில் ஒரு வரி வந்தது: மாதன் குழுவிலிருந்து வெளியேறினார்.

கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"நான் வெளிய வந்துட்டேம்மா. இனிமே நீ பேசு."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

சற்று நேரத்தில் குழுவில் இன்னொரு படம் வந்தது. கீழத்தெரு நிர்மலா போட்டிருந்தாள். அதே பாலம், அதே தூண். அவளுடைய மாமனார் இன்னும் குழுவில்தான் இருந்தார். படத்தின் மூலையில் தேதியைப் பார்த்தேன். நான் எடுத்ததற்கு ஒன்பது நாள் முன்பு.