உச்சி என்று சொன்ன இடம்

...இல்லை, அவளுக்கு இப்படி மூச்சு வாங்கியிருக்காது, மூத்த தாரம் ஆயிற்றே, மான்குட்டி மாதிரித் தாவி ஏறியிருப்பாள், நாத்தனார் அப்படித்தானே சொல்வாள், எங்க அண்ணி மலை ஏறினா எங்க அண்ணன் நாக்குத் தள்ளப் பின்னாலயே ஓடுவான் என்று, சொல்லிவிட்டு இவள் முகத்தை ஒரு தரம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள், செத்துப் போய் இத்தனை வருஷமாகியும் அவள்தான் அண்ணி, இரண்டாவதாக வந்த இவளுக்கு இன்னும் ஒரு முறைப்பெயர்கூட வாய்க்கவில்லை, கூப்பிடாமலேயே பேசி முடிக்கிற வித்தை நாத்தனாருக்குக் கைவந்திருக்கிறது... சரளைக்கல் மறுபடியும் காலுக்கடியில் நழுவியது. முதுகுப்பையின் வார் தோளை அறுத்தது. நின்றாள். நிற்கக் கூடாது, நின்றால் வியர்வை குளிர்ந்து உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார், அதுவும் மூத்தவளோடு ஏறும்போது கற்றுக்கொண்டதுதான், இவளுக்கு எது கிடைத்தாலும் அவள் கைபட்ட பிறகுதான் கிடைக்கிறது, மலையேறும் புத்திமதி, வீட்டுச் சாவி, புருஷன்.

கூடத்துச் சுவரில், சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது அந்தப் படம். நடுவில் பிளந்த ஒரு பெரிய பாறை, அதன் மேல் சிவப்புக் குல்லாவோடு கைகளை விரித்துக்கொண்டு அவள், பின்னால் வெறும் வானம். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள், அவரும் "உச்சியில எடுத்தது" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது, வந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், இவள் காபி ஆறிப்போகுது என்பாள். படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பார்த்தாள், பிடரியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது, மறுபடியும் நாற்காலியை மாற்றிப் போட்டாள். வேலைக்குப் போனாலாவது விட்டதா? கண்ணாடிக் கடையின் உள்ளறையில், அரை இருட்டில், வருகிறவர்களின் மூக்கின் மேல் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இப்ப தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா என்று நாளெல்லாம் கேட்கிற பிழைப்பு, அன்றைக்கு ஒரு பெரியவர் பாவம் நன்றாக யோசித்துவிட்டு, முன்னாடி இருந்ததுதாம்மா நல்லா இருந்துச்சு என்றதற்கு இவளுக்குச் சுள்ளென்று வந்ததே கோபம், சரியாப் பார்த்துச் சொல்லுங்க என்று அதட்டிவிட்டாள், அவர் மிரண்டுபோய் இல்லம்மா இதுவும் நல்லாத்தான் இருக்கு என்றார்... இதுவும். வாழ்க்கையே அந்த 'உம்'மில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று மாலைதான் அவரிடம் சொன்னாள், நானும் அந்த மலைக்குப் போறேன், தனியா. அவர் செய்தித்தாளை மடித்தார். "எதுக்கு, அங்க என்ன இருக்கு?" என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டதற்கு, மடித்ததை மறுபடியும் மடித்தபடி, "மலையா இல்ல ஊர்ல? வேற ஒண்ணுக்குப் போயேன்" என்றார். அந்த 'வேற ஒண்ணு' இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருக்கிறது, ஏன், இது அவளுக்கு எழுதிவைத்த சொத்தா, நான் கால் வைத்தால் தேய்ந்துவிடுமா, அந்த ஆத்திரத்திலேயேதான் குடியிருப்பின் மாடிப்படிகளை முதுகில் அரிசி மூட்டையோடு ஏறி இறங்கிப் பழகினாள், ஆத்திரத்திலேயேதான் கூடாரம் வாங்கினாள், நேற்று ஏரிக்கரையில் அந்தக் கூடாரத்துக்குள் தனியாகப் படுத்துக்கொண்டு காற்று துணியை அறைவதைக் கேட்டபோதுகூடப் பயம் வரவில்லை, அவள் இந்த இடத்தில் அவரோடு படுத்திருந்தாள், நான் தனியாக, அப்படியானால் நான் ஒரு படி மேல் என்று கணக்குப் போட்டாள், சீ, என்ன கணக்கு இது, போட்டி போட எதிரில் ஆளே இல்லையே... வளைவைத் தாண்டியதும் கால் தானாக நின்றது. அந்தப் பாறை. நடுவில் பிளந்த, படத்தில் தினமும் பார்க்கிற, அதே பாறை. வந்துவிட்டோமா? இவ்வளவுதானா உச்சி? கண் கலங்கிவிட்டது, பையை இறக்கிவிட்டு அதன் மேல் ஏறி, வெட்கமே இல்லாமல் அவள் மாதிரியே கைகளை விரித்தாள், பின்னால் வெறும் வானம், முன்னால்...

முன்னால் மலை இன்னும் போய்க்கொண்டிருந்தது. கறுப்பாக, செங்குத்தாக, நுனியில் கொஞ்சம் பனியோடு. படம் எடுத்தவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டியது. மேலிருந்து கைத்தடியை ஊன்றி இறங்கி வந்த தாடிக்காரர் ஒருவரை நிறுத்தி, உச்சி இதுதானே என்றாள். அவர் சிரித்தார். "இதா? இது மலையோட தோள்பட்டைங்க. உச்சி அதோ, அது. பாதிப் பேர் இங்கயே படம் எடுத்துக்கிட்டுத் திரும்பிடுவாங்க. இதுக்கு மேலதான் மூச்சு வாங்கும்." தண்ணீர் வேணுமா என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயைப் பொத்தினாள், பிறகு ஏன் பொத்த வேண்டும், யார் இருக்கிறார்கள் என்று வாய்விட்டே சிரித்தாள், மான்குட்டி இவ்வளவு தூரம்தான் தாவியதா, எங்க அண்ணி எங்க அண்ணி என்று குதித்தாயே நாத்தனாரே, வந்து பார், நான் ஏறப்போகிறேன், ஏறி, இறங்கி, வீட்டுக்குப் போய், எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, சாதாரணமாக, தண்ணீரை நகர்த்திவைக்கிற மாதிரி, அந்தப் படத்துல இருக்கிறது உச்சி இல்லையாமே என்று...

செங்குத்தில் கையையும் ஊன்றி ஏறும்போதுதான் அது உறைத்தது. அவருக்குத் தெரியும். தெரியாமல் எப்படி, அவர்தானே படம் எடுத்தவர், முதுகுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய மலையை வைத்துக்கொண்டு. அவளால் முடியாமல் போயிருக்கும், அடுத்த வருஷம்தானே இதயம் நின்று செத்துப்போனாள், அப்போதே மூச்சு முட்டி உட்கார்ந்திருப்பாள், அவர் மட்டும் ஏறிவிட்டு வந்திருக்கலாம், ஏறவில்லை, அவளைப் பாறை மேல் நிற்கவைத்து, கையை விரி, சிரி என்று சொல்லி... எங்க வீட்டுக்காரருக்குப் பொய்யே வராது என்று கடையில் எத்தனை தரம் பெருமையடித்திருக்கிறாள். புது உடுப்பு எப்படி என்றால் தோள் இறக்கமா இருக்கு என்பார். அவள மாதிரியே என்னையும் பிடிக்குமா என்று, கேட்கக் கூடாததை ஒரு முறை கேட்டபோதுகூட, "வேற மாதிரி பிடிக்கும்" என்றார், அதையும் நேர்மை என்று எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த வாயிலிருந்து வந்த ஒரே பொய், இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த பொய், அவளுக்கு. இளையதாரத்துக்கு வெறும் உண்மை. உச்சியை அவள் எடுத்துக்கொண்டாள் என்றல்லவா இத்தனை நாள் வயிறெரிந்தோம், அவள் எடுத்துக்கொண்டது வேறு ஒன்று, அதை எந்த மலை ஏறிப் பிடிப்பது?

ஏறிவிட்டாள். நாலு பேர் நிற்கிற அளவு இடம், காற்று, சுற்றிலும் மலைகள். மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, போனில்தான் டவர் வந்தது. அவரைக் கூப்பிட்டாள், முதல் மணி முடியும் முன்பே எடுத்துவிட்டார். "எங்க இருக்க?" மேல, என்றாள். "மேலன்னா?" "உச்சியில. இதுக்கு மேல ஏற இடமில்ல." போனில் ஏதோ இரைந்தது. காற்றின் இரைச்சலா, அவர் மூச்சா, தெரியவில்லை. பிறகு, மெல்ல, "வர்ற வழியில... ஒரு பாறை இருக்கும். பிளந்த பாறை. பார்த்தியா?" ஏறும்போதெல்லாம் தீட்டித் தீட்டி வைத்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. "இல்லையே" என்றாள், "கீழ ஒரே பனிமூட்டம். ஒண்ணும் தெரியல." "அப்படியா." "ஆமா." "சரி... பார்த்து இறங்கு. அவசரப்படாத."

பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது, கீழே அந்தப் பாறை நகத்தளவில் நன்றாகவே தெரிந்தது, அதைப் பார்த்தபடி நின்றாள், யார் சொன்னது அதை, யோசித்தா சொன்னேன், இல்லையே, அந்தப் பக்கம் அவர் மூச்சுத் திணறிய மாதிரி இருந்தது, வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்... அவருக்கும் அன்றைக்கு அந்தப் பொய் இப்படித்தான் வந்திருக்குமோ, பெரிய பிரியம் என்றெல்லாம் இல்லாமல், எதிரே ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல்? வயிற்றின் ஒரு ஓரத்தில் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் யார் மேல் என்று சட்டென்று சொல்ல வரவில்லை.